கன்னிச்சாமியின் அம்மா

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால், மார்கழியில், அப்பாவும் நீயுமாக இன்னொரு தடவை சபரிமலைக்குப் போய்விட்டு வரலாம் என்று ஹாலில் உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் மோர்க்குழம்புக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து, "நானும் வர்றேன்" என்றேன். நீ அப்பாவைப் பார்த்தாய். அப்பா உன்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தீர்கள். "அம்மா, செம்பாக்கம் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாலே உனக்கு மூச்சு வாங்குது. அது வேற மாதிரி மலைம்மா. நீ வீட்லயே இருந்து கும்பிடு, உனக்கும் சேத்து அரவணைப் பாயசம் வாங்கிட்டு வர்றோம்" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நான் மறந்திருப்பேன். நான் திரும்பி அடுப்படிக்குள் போனதும், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "அம்மா வந்தா நம்ம ட்ரிப் மாதிரி இருக்காதுப்பா" என்று மெதுவாகச் சொன்னாய். எனக்கு முழங்கால்தான் தகராறு, காது நன்றாகத்தான் இருக்கிறது.

நீ சாப்பிட்டுவிட்டு, துவைத்து மடித்த துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு, வேலை பார்க்கிற கேளம்பாக்கத்துக்குக் கிளம்பிப் போனாய். போனில் பேசலாம் என்றால், "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். அந்த அப்புறம் என்றைக்கும் வந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூட ஆபீசில் இத்தனை வருஷம் உட்கார்ந்து ஊரார் பெற்றோருக்கெல்லாம் கடிதம் அடித்துக் கொடுத்தவள் நான், என் பிள்ளைக்கு ஒன்று எழுதக்கூடாதா? கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அம்மா எழுதுகிற கடிதம் என்றால் புத்திமதியும் ஆசீர்வாதமுமாக இருக்க வேண்டும் என்பார்கள். அதுவும் நடுவில் எங்கேயாவது வரும். ஆனால் இது முழுக்க முழுக்க வயிற்றெரிச்சலில் எழுதுகிற கடிதம். யார் மேல் வயிற்றெரிச்சல் என்றால், முதலில் உன் அப்பா மேல்.

நீ ஒன்பதாவது படித்த வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வருஷம் உன் குரல் உடைந்தது. காலையில் ஒரு குரல், சாயங்காலம் ஒரு குரல். பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டால் தண்ணீர் தொட்டி காலியாகும்வரை வெளியே வரமாட்டாய். டியூஷன் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் இரண்டு தடிப்பயல்களோடு நின்று போகிற வருகிற ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் தோசை ஆறிப்போச்சு என்று தட்டைத் தள்ளிவிட்டாய். சட்னி சுவரில் தெறித்தது. அன்றைக்கு நான் உன்னை அடிக்கக் கை ஓங்கியபோதுதான் கவனித்தேன், நீ என்னைவிட உயரமாகிவிட்டிருந்தாய். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டேன்.

உன் அக்கா பெரியவளானபோது எனக்கு இந்தக் குழப்பமே இல்லை. ஒரு மத்தியானம் நடந்தது, சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்தது. பந்தல் போட்டோம், மாமன் சீர் வந்தது, மஞ்சள் நீர் ஊற்றினோம், உளுந்தங்களி கிளறிக் கொடுத்தோம். நேற்றுவரை அவள் குழந்தை, இன்றையிலிருந்து அவள் பெண் என்று ஊரைக் கூட்டிச் சொன்னோம். அவளுக்கு அதில் கூச்சம்தான், வேண்டாம் என்று அழக்கூட அழுதாள், அது வேறு கதை. ஆனால் அந்தச் சடங்கில் முதலிலிருந்து கடைசிவரை நான் இருந்தேன். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பையன் என்றைக்குப் பெரியவனாகிறான் என்று யாருக்குத் தெரியும்? யார் அவனுக்குப் பந்தல் போடுகிறார்கள்? கதவு சாத்தப்படுகிறது, அவ்வளவுதான். வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தேன் நான்.

உன் அப்பாவுக்கு அப்போதெல்லாம் நீ எந்த செக்‌ஷன் என்றுகூடத் தெரியாது. பல்லாவரத்தில் கம்பெனி, வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். அவர் வரும்போது நீ தூங்குவாய், நீ எழும்போது அவர் தூங்குவார். ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுவதோடு அவருடைய தகப்பன் உத்தியோகம் முடிந்தது. மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்தபோது கீழாநெல்லிக்கு அலைந்தது யார்? சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்தபோது உடைந்த துண்டைத் தேடிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியது யார்? இதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேன்.

அந்த சட்னி சமாச்சாரம் நடந்த மறுவாரம் அப்பா வந்து, "இந்த வருஷம் இவனுக்கு மாலை போட்டு மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். நானும் போட்டுக்கறேன்" என்றார். அவரும் அதற்கு முன் போனதில்லை. கேம்ப் ரோட்டில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த குருசாமி ஒவ்வொரு வருஷமும் ஒரு வேன் நிறைய ஆள் கூட்டிக்கொண்டு போவார். அவர்தான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடியே என்னிடமும் சொன்னார்: "பையன் கைய மீறிப் போறதுக்குள்ள ஒரு வாட்டி மலை ஏத்திடும்மா. ஏறும்போது புள்ளையா போவான், எறங்கும்போது ஆம்பளையா வருவான். பாத்துகினே இரு." எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஆம்பளையாக்க வேறு ஆள் வேண்டுமா, பெற்றவள் போதாதா என்று நினைத்தேன். ஆனால் சாமி விஷயம், வாய் திறக்க முடியவில்லை. பத்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் நடுவில் இருக்கிற பெண்கள் அந்த மலைக்குப் போகும் வழக்கம் இல்லை என்பதால், கூட வருகிறேன் என்று சொல்லவும் வழியில்லை.

கார்த்திகை முதல் நாள் மாடம்பாக்கம் சிவன் கோவிலில் உனக்கு மாலை போட்டார்கள். முதல் தடவை போகிறவன் கன்னிச்சாமி. அப்பாவும் கன்னிச்சாமி, நீயும் கன்னிச்சாமி. அன்றையிலிருந்து உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார் குருசாமி. "டேய், எருமை, எழுந்திருடா" என்று உன்னை எழுப்பியவள், "சாமி, எழுந்திருங்க சாமி" என்று எழுப்பப் போனேன். எழுப்பவே விடவில்லை நீ, எனக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தாய். இருட்டில், அந்தப் பனியில், கிணற்றடியில் அப்பாவும் பிள்ளையும் பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு "சாமியே" என்று கத்தினீர்கள். செருப்பில்லாமல் கறுப்பு வேட்டியோடு பள்ளிக்கூடம் போனாய். தலையணை இல்லாமல் பாயில் படுத்தாய். கெட்ட வார்த்தை நின்றது, பொய் நின்றது, கதவுத் தாழ் நின்றது. நான் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தி நடக்காதது, கழுத்தில் விழுந்த ஒரு துளசிமணி மாலைக்கு நடந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பாய். சந்தோஷப்பட்டேன். ராத்திரி படுக்கும்போது அந்த மாலையின் மேல் ஆத்திரமும் பட்டேன்.

நடுவில் ஒன்று நடந்தது, அது உனக்கு ஞாபகம் இருக்காது. விரதம் இருக்கிற வீட்டில் பெண்களுக்கு விலக்கு நாள் வந்தால் அவர்கள் அங்கே இருப்பதில்லை. நான் பெருங்களத்தூரில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். அக்கா ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் நீங்கள் இரண்டு பேர் மட்டும். எப்படியும் பட்டினி கிடப்பார்கள், நான் திரும்பிப் போனதும் "நீ இல்லாம முடியலம்மா" என்பார்கள் என்று தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். அப்பா ரவையை வறுத்துக்கொண்டிருந்தார், நீ வெங்காயம் சேர்க்காமல் உப்புமாவுக்குத் தாளிப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். என்னிடம் பார்த்துக் கற்றதுதான் அது. "சாமி, கடுகு வெடிக்குது சாமி!" "சாமி, நீங்க தள்ளி நில்லுங்க சாமி!" என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தீர்கள். கடுகு டப்பா இடம் மாறியிருந்தது. புளி, மிளகாய் ஜாடிக்குள் இருந்தது. யாரும் என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்றுகூடக் கேட்கவில்லை. தட்டில் உப்புமா வைத்துக் கொடுத்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் அந்த நாள் வருவதற்கு முன்னால் மருந்துக்கடைக்குப் போய்த் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கி விழுங்கினேன். கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றால் பெண்கள் செய்வதுதான், புதிதில்லை. தலை சுற்றியது, வாந்தி வந்தது, கால் வீங்கியது. பள்ளிக்கூடத்தில் ரெஜிஸ்டர் மேலேயே தலை சாய்த்துப் படுத்தேன். அப்பா இந்தச் சங்கதியைக் குருசாமி வீட்டில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பூஜைக்கு வந்தவர்கள் முன்னால் அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னா பக்திம்மா உனக்கு! சாமிக்கு ஒரு நாள்கூடக் கொறை வெக்கக்கூடாதுன்னு உடம்பைக் கெடுத்துகினு கீறியே" என்றார். பெண்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்தியுமில்லை, பாயசமுமில்லை. உங்கள் இரண்டு பேரையும் அந்த அடுப்படியில் இன்னொரு தடவை தனியாக விடக்கூடாது, அதற்காகத்தான் மாத்திரை. சாமிக்குத் தெரியும்.

இருமுடி கட்டுகிற நாள் வந்தது. நெய்த்தேங்காயும் அரிசியுமாகத் தலையில் சுமந்து போகிற இரட்டை முடிச்சுப் பை அது. "பெத்தவ கை அரிசி மொதல்ல வுழட்டும்" என்று குருசாமி என்னைக் கூப்பிட்டார். நீ கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். மீசை என்று சொல்ல முடியாத ஒன்று உன் உதட்டின் மேல் அரும்பியிருந்தது. பை நிரம்ப நிரம்ப அரிசி போட்டேன், உனக்குச் சுமை ஏறும் என்றுகூட யோசிக்கவில்லை. பையைத் தலையில் ஏற்றினார்கள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, அது வழக்கம். வாசலில் தேங்காயை உடைத்துவிட்டு நீ நேராக நடந்து வேனில் ஏறினாய். ஸ்கூல் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் ஜன்னல் வழியாகத் தெரு முனைவரை கையாட்டுகிற பிள்ளை. வழக்கம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் நீ திருட்டுத்தனமாக ஒரு தடவையாவது திரும்புவாய் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா உன் தோளில் கை போட்டிருந்தார்.

திரும்பி வந்தவன் வேறு ஆள். கறுத்து, மெலிந்து, உதடு வெடித்துப் போயிருந்தாய். "கால் வலிச்சுதா கண்ணா? என்னெல்லாம் பார்த்தே? எங்க தூங்கினே?" என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சும்மா" என்றாய். அவ்வளவுதான். அப்பாவைக் கேட்டேன். "அதெல்லாம் மலையோட" என்றார். நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். அந்தப் பார்வையில் எனக்கு இடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. மாலையைக் கழற்றிய மறுநாள் காலையில் பின்வாசலில் கண்ணாடியை மாட்டிவைத்து அப்பா உனக்கு முதல் ஷேவிங் செய்யச் சொல்லிக்கொடுத்தார். "கன்னத்தை உள்ளார இழுத்துக்கோ. அவசரப்படாதே. முடி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே போ." "எரியுதுப்பா." "எரியும். எனக்கும் எரிஞ்சுது. எனக்குச் சொல்லித்தர ஆளில்லை, ஒரு வாரம் முகமெல்லாம் பிளாஸ்திரி." நான் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பால் பொங்கி வழிந்தது. விளக்கெண்ணெய் தடவி, கடலை மாவு தேய்த்து நான் வளர்த்த கன்னம் அது. இப்போது அது இருக்கிற பக்கம் நான் போகக்கூட முடியாது.

அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். பத்தாவது முடித்ததும் என்ன குரூப் எடுப்பது என்று அப்பாவிடம் பேசி முடிவு செய்துவிட்டு, எனக்குச் செய்தியாகச் சொன்னாய். வேலை கிடைத்த அன்றைக்கு முதல் போன் அவருக்கு. வித்யாவைப் பிடித்திருக்கிறது என்பதைக்கூட நான் அப்பா வாயால்தான் கேட்டேன். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! பரீட்சை எழுதியவள் நான், பாஸானவர் அவர். நீ கெட்டுப்போயிருந்தால் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு மண்டல விரதம் உன்னை நேராக்கியது. உன்னை மட்டுமில்லை, அவரையும். பிள்ளை பிறந்து இத்தனை வருஷம் கழித்து அந்த மலையில்தான் அவர் தகப்பன் ஆனார். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேனில் சடங்கு முடிந்தது. அடுப்படியில் இருந்த எனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை, நான் பழைய அம்மாவாகவே இருந்தேன். உலகத்தில் எல்லாரும் உயர்ந்து போகும்போது ஒருத்தி மட்டும் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

இப்போது புத்திமதி. நாளைக்கு உனக்கு ஒரு பையன் பிறந்து, அவன் குரல் உடைந்து, அவனும் தட்டைத் தள்ளிவிடுவான். அப்போது அவனை மலைக்குத்தான் கூட்டிப் போவாயோ, கடலுக்குத்தான் கூட்டிப் போவாயோ, எனக்குத் தெரியாது. எங்கேயாவது கூட்டிப் போ. ஒன்றுமே இல்லாமல் ஸ்டேஷன் பாலத்தில் நின்று ஆம்பளையானால் அது நன்றாக இருக்காது. ஆனால் திரும்பி வந்ததும் வித்யாவை உட்காரவைத்து, எங்கே தூங்கினீர்கள், என்ன தின்றீர்கள், எங்கே பயந்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லு. "மலையோட" என்று சொல்லாதே. அது பெற்றவளைப் பட்டினி போடுகிற வார்த்தை. இன்னொன்று, வித்யா மேலும் எனக்குப் பொறாமை வரும். வராது என்று பொய் சொல்லமாட்டேன். அவள் வைத்த ரசத்தை நீ இரண்டு தடவை கேட்டு வாங்கினால் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். பின்னாலேயே வந்து சமாதானம் செய்யாதே. கொஞ்ச நேரத்தில் நானே வந்துவிடுவேன்.

நீ போன மறுநாள், திங்கட்கிழமை காலையில், அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாகக் கேட்டு அலுத்த கேள்வியை இன்னொரு தடவை கேட்டேன். "அந்த மொத வருஷம் மலையில என்னதான் நடந்துச்சு? இன்னிக்குச் சொல்லலைன்னா சமையல் கிடையாது." சிரிப்பார் என்று நினைத்தேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"நீலிமலை ஏத்தத்துல பாதி வழியில உக்காந்துட்டான். கால்ல கொப்புளம் உடைஞ்சு ரத்தம். தலையில சுமை வேற, நீ அரிசியை அள்ளிப் போட்டிருந்தே. 'அம்மா, அம்மா'ன்னு ஒரே அழுகை. சின்னதுல மஞ்சக்காமாலை வந்தப்ப அழுவானே, அந்த மாதிரி. அத்தனை கூட்டம் போயிட்டிருக்கு, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. 'அம்மாகிட்டப் போணும், அம்மாவைக் கூப்பிடு'ங்கறான். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. எனக்கும் அழுகை வந்துடுச்சு."

"அப்புறம்?"

"'அம்மா இங்க வர முடியாதுடா. இங்க கூப்பிட்டா சாமிதான் வரணும். அவரைக் கூப்பிடு'ன்னேன். அப்படியே என்னைப் பாத்துட்டு உக்காந்திருந்தான். அப்புறம் கண்ணைத் துடைச்சிட்டு எழுந்தான். மேல போற வரைக்கும் சரணம்தான், வேற பேச்சு இல்ல. உன்கிட்டச் சொல்லவேகூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். அம்மா கேட்டா அழுவாங்க, அடுத்த வருஷம் விடமாட்டாங்கன்னான்."

அவரைக்காயை அப்படியே வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ரகசியம் நான்தான் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை, அதிகமாகிவிட்டது. அந்த அழுகையைப் பார்த்தவர் அவர். அந்தக் கூப்பாட்டைக் கேட்டவர் அவர். என் பேருக்கு வந்ததை வாங்கி, விலாசத்தை மாற்றி எழுதி ஐயப்பனுக்கு அனுப்பிவிட்டார். நீ குழந்தையாக இருந்து என்னைக் கூப்பிட்டதில் அதுதான் கடைசி. அதற்கப்புறமும் நீ அம்மா என்று கூப்பிடாமல் இல்லை. சட்டை எங்கே அம்மா, சாப்பாடு ஆச்சா அம்மா என்று தினம் கூப்பிட்டாய். அது வேறு. அந்தக் கடைசிக் கூப்பாடு நடந்தபோது நான் இங்கே செம்பாக்கத்தில் உன் தலையணை உறைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலமே கேம்ப் ரோட்டுக்குப் போனேன். குருசாமிக்கு இப்போது சர்க்கரை, மலை ஏறுவதில்லை. அவருடைய மனைவிதான் ஐம்பது தாண்டிய பெண்களாகச் சேர்த்து ஒரு வேன் பிடித்திருக்கிறார். நான் என் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். "இன்னா பெரிய முட்டி? எனக்கும்தான் கீது முட்டி. குந்திக் குந்தி ஏறலாம் வா. நம்மள யாரு தொரத்திகினு வரப்போறாங்க?" என்றார். எனக்கு இப்போது வயது ஐம்பத்திரண்டு. தள்ளிப்போட மாத்திரையும் வேண்டாம், தங்கை வீட்டுக்குப் போகவும் வேண்டாம். யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வரும்.

இன்று காலையில் மாலை போட்டுக்கொண்டேன். அப்பா மாலையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "எங்ககூடவே வரலாமே" என்றார். உங்கள்கூட வரவில்லை. உங்கள் ட்ரிப் உங்கள் ட்ரிப்பாகவே இருக்கட்டும், நான் நடுவில் வந்து கெடுக்கவில்லை. எங்கள் வேன் உங்களுக்கு முன்னாலேயே கிளம்புகிறது. பெண்களிடம் பிள்ளை கல்யாணத்துக்கு வேண்டுதல் என்று சொல்லியிருக்கிறேன். பதினெட்டாம் படியும் ஏறுவேன், சாமியையும் பார்ப்பேன். ஆனால் நான் போவது அதற்கு முன்னால் வருகிற அந்த ஏற்றத்துக்கு. பாதி வழியில், நீ உட்கார்ந்த இடம் எது என்று அப்பாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஒரு கைப்பிடிச் சுவர் இருந்தது என்கிறார். ஏதாவது ஒரு சுவர் இருக்கும், எந்தச் சுவராக இருந்தால் என்ன? அங்கே உட்காருவேன். கூட்டம் போகிறபோக்கில் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். நீ கூப்பிட்டாய், எனக்குக் கேட்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து, "என்னடா கண்ணா, அம்மா வந்துட்டேன்" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் உன்னை வித்யாவிடம் கொடுக்கிறேன்.

அம்மா